பேஸ்பாலில் முதல் பந்தை விட்டுப் பார்க்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த பேஸ்பால் கட்டுரை, பேட்டர் முதல் பந்தை ஆடாமல் விட்டு, பிட்சர் என்ன எறிகிறார் என்று பார்த்துக்கொள்வதே புத்திசாலித்தனம் என்கிறது. டெஸ்ட் கிரிக்கெட் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது நியாயமாகத்தான் படும். அங்கே ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகிற பந்தை விட்டால் நஷ்டம் எதுவும் இல்லை. பேஸ்பாலில் ஸ்ட்ரைக் ஸோனுக்குள் (தரையில் பதித்த ஹோம் பிளேட் என்ற தட்டுக்கு மேலே, பேட்டரின் முழங்காலிலிருந்து மார்பு வரையான பகுதி) வருகிற பந்தை விட்டால் ஒரு ஸ்ட்ரைக் ஏறிவிடும்; மூன்று ஏறினால் ஆள் அவுட். கையில் இருப்பதே மூன்று. அதில் ஒன்றைக் கொடுத்துத்தான் அந்தப் ‘பார்த்துக்கொள்வதை’ வாங்க வேண்டியிருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், அதே பக்கத்தில் இருந்த பெட்டிச் செய்தி நேர் எதிராகப் பேசுகிறது. முதல் பந்தை அடிப்பவர்களின் சராசரி 0.330 வாக்கில் (நூறு முறையில் 33 ஹிட், அதாவது அவுட் ஆகாமல் ஓடி பேஸ் சேர வைக்கும் அடி) இருக்கிறது, ஆகவே தயங்காமல் மட்டையை வீசலாம் என்கிறது. எண் சரி, அதிலிருந்து எடுத்த முடிவு தப்பு. அந்தச் சராசரியில், மட்டையில் பட்டு ஆட்டத்துக்குள் போய் அங்கேயே முடிந்த பந்துகள் மட்டுமே சேரும். வீசித் தவறவிட்டது சேராது, கோட்டுக்கு வெளியே ஃபவுலாகப் போய்ப் பிடிபடாததும் சேராது. முதல் பந்திலேயே ஸ்ட்ரைக் அவுட் ஆகவும் வழியில்லை. தோல்விகளில் பாதியைக் கழித்துவிட்டுப் போட்ட சராசரி உயரமாகத்தான் தெரியும்.

அமெரிக்காவின் உயர்மட்டப் போட்டியான மேஜர் லீக்கில் முதல் பந்துகளில் ஏறத்தாழ 60 சதவீதம் ஸ்ட்ரைக் என்று பதிவாகிறது. இதைக் காட்டி, ‘பெரும்பாலும் உள்ளேதான் வருகிறது, வீசு’ என்பவர்களும் உண்டு. ஆனால் பேட்டர் மட்டை வீசிய பந்துகள் எல்லாமே, தவறியதோ ஃபவுலோ ஹிட்டோ, அந்த 60-க்குள் அடக்கம். 100 முதல் பந்துகளில் சுமார் 30-க்குத்தான் மட்டை வீசுகிறார்கள். மீதி 70-ஐ விடுகிறார்கள். அவற்றில் சுமார் 40 ஸோனுக்கு வெளியே போய் ‘பால்’ ஆகின்றன (நான்கு சேர்ந்தால் ‘வாக்’, அதாவது பேட்டர் அடிக்காமலே முதல் பேஸுக்குப் போகலாம்), 30 ஸ்ட்ரைக் ஆகின்றன. ஆக, விட்ட பந்தில் பாதிக்கு மேல் பேட்டருக்கே லாபம்.

நல்ல இடத்தில் வந்த பந்துக்கு வீசித் தவறினாலும் 0-1 (முதல் எண் பால், அடுத்தது ஸ்ட்ரைக்), சும்மா நின்று பார்த்தாலும் 0-1. அங்கே வீசியவர் எதையும் கூடுதலாக இழக்கவில்லை. 1-0 ஆகியிருக்க வேண்டிய வெளிப்பந்தைத் துரத்தி 0-1 ஆக்கிக்கொள்வதுதான் உண்மையான அடி. 1-0 என்று ஆரம்பித்தவர்களுக்கும் 0-1 என்று ஆரம்பித்தவர்களுக்கும் இடையே, கடைசியில் பேஸ் ஏறுவதில் நூற்றுக்கு ஏறத்தாழ பத்துப் பேர் வித்தியாசம் இருக்கிறது. உள்ளே வந்தும் நமக்குத் தோதில்லாத பந்தை மெதுவாக ஷார்ட்ஸ்டாப் என்ற உள்வட்ட ஃபீல்டரின் கைக்குத் தட்டிவிட்டு அவுட் ஆவது இதைவிட மோசம்.

ஆகவே எந்தப் பந்துக்கு வீசுவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்திருக்க வேண்டும். பந்து கையை விட்டபின் யோசிக்க நேரம் கிடையாது. பிட்சர் நிற்கும் மேட்டிலிருந்து ஹோம் பிளேட் 60 அடி 6 அங்குலம். மணிக்கு 95 மைல் வேகப் பந்து சுமார் 0.4 விநாடியில் வந்துவிடும். மட்டையைச் சுழற்றவே 0.15 விநாடி வேண்டும். ஹோம் பிளேட்டின் அகலம் 17 அங்குலம், அதாவது ஆறு பந்துகளை வரிசையாக வைத்த அகலம். இரண்டு ஸ்ட்ரைக் ஆகிவிட்டால் ஆறையும் காக்க வேண்டும். முதல் பந்தில் அந்தக் கட்டாயம் இல்லை. தனக்கு வசதியான மூன்று பந்து அகலம், இடுப்பிலிருந்து தொடை நடு வரை உயரம், ஃபாஸ்ட்பால் மட்டும்: இவ்வளவுதான் திட்டம். அது வந்தால் முழு பலத்தோடு வீச வேண்டும். வராவிட்டால், அம்பயர் ஸ்ட்ரைக் என்று கத்தினாலும் வருத்தப்படக் கூடாது. ‘வீசப் போகிறேன்’ என்று கிளம்பி, கடைசிக் கணத்தில் நிறுத்துவதுதான் சரியான பழக்கம். ‘பார்க்கலாம்’ என்று நின்றவரால் கடைசிக் கணத்தில் கிளம்ப முடியாது.

மேஜர் லீக்கின் சாம்பியனைத் தீர்மானிக்கும் 2024 உலகத் தொடரின் முதல் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். பத்தாவது இன்னிங்ஸ், யாங்கீஸ் 3-2 முன்னிலை, டாட்ஜர்ஸ் பேட்டிங், இரண்டு பேர் பேஸில், ஒருவர் அவுட். காயத்தால் ஒரு மாதத்துக்கும் மேலாக ஆடாத நெஸ்டர் கோர்டெஸ் பந்தெறிய வந்தார். அவருடைய முதல் பந்தையே ஒஹ்தானி அடித்தார். இடதுபுறம் ஃபவுல் பகுதியில் கேட்ச், அவுட். பிடித்தவர் தடுப்பைத் தாண்டி விழுந்ததால் இருவரும் ஒரு பேஸ் முன்னேறினார்கள். அடுத்த பேட்டர் பெட்ஸுக்குப் பந்தே எறியாமல் வேண்டுமென்றே வாக் கொடுத்தார்கள். அடுத்து ஃப்ரெடி ஃப்ரீமன். அவருக்கு வந்த முதல் பந்து 92 மைல் வாக்கில் உள்பக்க ஃபாஸ்ட்பால். கிராண்ட் ஸ்லாம் (பேஸ் மூன்றிலும் ஆள் இருக்க, பந்து வேலியைத் தாண்டி நால்வரும் ரன் எடுக்கும் ஹோம் ரன்), ஆட்டம் 6-3 என முடிந்தது. அன்று கோர்டெஸ் எறிந்தது மொத்தம் இரண்டே பந்து; இரண்டுமே முதல் பந்து, இரண்டுக்குமே வீசினார்கள். ஒன்று அவுட், ஒன்று சரித்திரம். ஒஹ்தானி செய்தது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஃப்ரீமன் நின்ற நிலை தனி: பேஸ் மூன்றும் நிறைந்திருக்கும்போது பிட்சர் வாக் கொடுத்தால் ஆட்டம் சமன். அவர் ஸோனுக்குள் எறிந்தே தீர வேண்டும்.

முதல் பந்துக்கே வீசும் இந்த வழக்கம் ஊரறிந்துவிட்டால் எதிரணியும் சும்மா இருக்காது. 2015 உலகத் தொடரின் முதல் ஆட்டத்தில், கன்சாஸ் சிட்டி ராயல்ஸின் அல்சிடெஸ் எஸ்கோபார் மேட் ஹார்வியின் முதல் பந்தையே அடித்து, பந்து மைதானத்துக்குள் இருக்கும்போதே எல்லா பேஸையும் ஓடிச் சுற்றி ஹோம் ரன் எடுத்தார். மூன்றாவது ஆட்டத்தில் நோவா சிண்டர்கார்ட் அவருக்கு எறிந்த முதல் பந்து, தலை உயரத்தில் போய் அவரைத் தரையில் தள்ளியது.

பழகுநர்களிடம் அடிக்கடி பார்க்கிற கோளாறுகள் இரண்டு. முதலாவது தாமதம்: கண்ணும் காலும் இன்னும் சூடேறவில்லை, பந்து எதிர்ப்புறம் ஃபவுல் போகும். அடுத்த ஆளாகக் காத்திருக்கும் வட்டத்திலேயே, பிட்சர் கை பந்தை விடும் கணத்துக்கு முன்காலைத் தூக்கி வைத்துப் பழகினால் இது சரியாகும். திட்டமும் அங்கேயே முடிந்திருக்க வேண்டும். 2023-இல் வந்த கடிகார விதிப்படி, பந்தெறிய ஒதுக்கிய நேரத்தில் 8 விநாடி மீதமிருக்கும்போதே பேட்டர் தயாராக நிற்காவிட்டால் பந்து வராமலே ஒரு ஸ்ட்ரைக்.

இரண்டாவது ஸ்லைடர். ஃபாஸ்ட்பால் மாதிரியே கிளம்பி, பிளேட்டுக்கு முன்னால் வெளியே விலகும். முன்தோள் சீக்கிரம் திறந்துவிட்டால் கை நீண்டு, பந்து மட்டை நுனியில் பட்டுச் செத்துப்போகும். இதற்கான பயிற்சி எளிது. ஒரு பந்து ஆடியதும் பேட்டர் பாக்ஸை விட்டு வெளியே வந்து, அடுத்ததும் முதல் பந்துதான் என்று மறுபடி புதிதாக உள்ளே போக வேண்டும். பயிற்சியாளர் கலந்து எறியட்டும். பத்து முறையில் மூன்று நான்கு தடவை வீசினால் போதும். ஏழெட்டு தடவை வீசுகிறவருக்குத் திட்டம் இல்லை, ஆசைதான் இருக்கிறது.

விடவே வேண்டிய நேரங்களும் இருக்கின்றன. பிட்சர் முந்தைய ஆளுக்கு நான்கு பந்தில் வாக் கொடுத்துத் தடுமாறும்போது, ஸ்கோரில் பின்தங்கிய அணி கண்ட பந்துக்கும் வீசி அவரை மீட்டுவிடக் கூடாது. முந்தைய இருவர் இரண்டே பந்தில் அவுட் ஆகியிருந்தால், தம் பிட்சர் மூச்சு வாங்கவாவது மூன்றாமவர் கொஞ்சம் பொறுக்கலாம்.

கட்டுரையாளர் டெட் வில்லியம்ஸைத் துணைக்கு அழைத்திருந்தார். 1941-இல் 0.406 சராசரி வைத்தவர். ஒவ்வொரு ஆட்டத்திலும் தன் முதல் வாய்ப்பில் முதல் பந்தை விட்டுப் பார்ப்பவர்தான். அவர் காலத்தில் அதே பிட்சர் ஒன்பது இன்னிங்ஸும் எறிவது சகஜம். முதல் முறை பார்த்தது நான்காம் முறைக்கு உதவும். இன்று தொடக்க பிட்சர் சராசரியாக ஐந்து இன்னிங்ஸுக்குச் சற்று மேல்தான் நிற்கிறார். பிறகு வருகிற மாற்று பிட்சரான ரிலீவரை அந்தப் பேட்டர் அன்று ஒரே ஒரு முறைதான் சந்திப்பார்.

அந்தப் பெட்டிச் செய்தியை மறுபடி வெளியிடுவதாக இருந்தால், 0.330-க்குப் பக்கத்தில் முதல் பந்தில் போன ஃபவுல்களையும் தவறிய வீச்சுகளையும் ஒரு நெடுவரிசையாகச் சேர்த்துப் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பேஸ்பால் பயிற்சி தரும் வாசகர் ஒருவர்