ஓ.டி. இல்லாத தீபாவளி

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. தங்கச்சிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். இன்னும் ராத்திரி ஒன்பது மணி வரை கிரைண்டர் பட்டறையில்தான் இருக்கிறாயா என்று கேட்டிருந்தாய். இல்லையடா, ஐந்தரைக்கெல்லாம் வீட்டில் இருக்கிறேன்.

2012-ஐ நீ மறந்திருக்க மாட்டாய். அரசாங்கத்தின் இலவச கிரைண்டர் ஆர்டரில், பட்டறைகள் நிறைந்த நம் கோவை ஆவாரம்பாளையமே மூச்சுத் திணறியது. கரண்டோ பாதி நாள் இருக்காது. எட்டு மணி நேர வேலையை முடிக்கப் பதினாறு மணி நேரம் அங்கேயே காத்துக் கிடந்தோம். கிரைண்டருக்கு வந்த ஊத்துக்குளிக் கல் அடுக்கின் பக்கத்தில் சாக்கை விரித்துப் படுத்திருப்பாய். டியூப் லைட் சிமிட்டினால் போதும், எழுந்து ஓடுவாய். காத்திருந்த நேரத்துக்குக் காசு கிடையாது. மாட்டி முடித்த டிரம்முக்குத்தான் கூலி.

2023 ஏப்ரலில் சட்டசபையில் பன்னிரண்டு மணி நேர வேலை மசோதா வந்ததே, அப்போது டீக்கடையில் ஒரே சண்டை. மே 1 அன்று முதலமைச்சரே வாபஸ் என்று அறிவித்துவிட்டார். எனக்கும் நிம்மதிதான். ஆனால் அப்புறம் யோசித்தால் சிரிப்பு வந்தது. வாரம் 48 மணி நேரம், மிஞ்சினால் இரட்டைச் சம்பளம் என்று 1948 தொழிற்சாலைகள் சட்டத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். அப்போது மோட்டார் ஓடுகிற இடத்தில் பத்துப் பேராவது இருந்தால்தான் அந்தச் சட்டம் வாசல்படி ஏறும். நாம் ஏழு பேர்!

அண்ணன் மகன் ஆந்திராவில், ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் ஏசி செய்கிற கம்பெனியில் இருக்கிறான். அங்கே கணக்கே வேறு. வெயிலுக்கு முன்னாலேயே சரக்கு கடைக்குப் போயாக வேண்டும் என்பதால் ஜனவரியிலிருந்தே ஓ.டி., அதாவது கூடுதல் நேர வேலை. மழைக்காலம் வந்தால் காண்ட்ராக்ட் பையன்களை ஊருக்கு அனுப்பிவிடுவார்களாம். வருஷம் முழுக்கச் சேர்த்துப் பார்த்தால் அளவான வேலை நேரம்தான். ஆனால் வாடகை மாசா மாசம் அல்லவா கேட்கிறார்கள்?

நமக்கு வினையானது 2022 ஜூலை. கிரைண்டருக்கு ஜி.எஸ்.டி. 5-லிருந்து 18 சதவீதம் ஆனது. பாக்கெட் மாவு ஏற்கெனவே பாதி வீடுகளைப் பிடித்திருந்தது. முன்பெல்லாம் ஆயுதபூஜை முடிந்ததும் தீபாவளி வரை ராத்திரி வேலை இருக்கும், அந்த ஓ.டி. காசில்தான் மூத்தவளுக்குத் தோடு எடுத்தேன். இந்தத் தீபாவளிக்கு ஒரு நாள்கூட ஓ.டி. இல்லை. பன்னிரண்டு மணி நேரம் கூடாது என்று கத்தியவனும் நான்தான், ஓ.டி. உண்டா என்று முதலாளியிடம் இரண்டு முறை கேட்டவனும் நான்தான். வீட்டில் சொல்லிவிடாதே.

உன் பழைய டில்டிங் கிரைண்டர் சத்தம் போடுகிறது என்றாயே, பொங்கலுக்கு வரும்போது வண்டியில் ஏற்றி வா. புஷ் மாற்றி, கல்லும் கொத்தித் தருகிறேன். சாயங்காலம் சும்மாதான் இருக்கிறேன்.

அன்புடன்,
ராசு