அப்பாவுக்கு, டிரெஸ்டனிலிருந்து

டிரெஸ்டன்,
24.11.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

போனில் பேசினால் "சாப்பிட்டியா மக்ளே" என்று கேட்டுவிட்டு உடனே அம்மா கையில் கொடுத்துவிடுகிறீர்கள். வாட்ஸ்அப்பில் எழுதினால் தங்கச்சி வாசித்துக் காட்டுவாள், அதிலும் நடுவில் நாலு வரியை விழுங்கிவிடுவாள். அதனால் தாளில் எழுதுகிறேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திண்ணையில் இருந்து நீங்களே படிக்க வேண்டும். இன்றைக்குக் கோட்டாறு சவேரியார் கோயிலில் கொடி ஏறியிருக்கும். இது உங்கள் கைக்கு வரும்போது திருவிழாவும் தேரும் முடிந்து, அம்மா வாங்கிய பாத்திரமெல்லாம் வீட்டுக்கு வந்திருக்கும்.

போன வாரம் தங்கச்சி ஒன்று சொன்னாள். குளச்சல் மாமா வந்திருந்தபோது, "மூத்தவ மியூனிக்கை விட்டுட்டு யாருக்கும் தெரியாத ஊருக்குப் போனா. நீயாவது பேரு உள்ள ஊரா பாத்துப் போ" என்றாராம். நீங்கள் ஒன்றும் பேசாமல் வெற்றிலையை மடித்துக்கொண்டு இருந்தீர்களாம். மாமா மேல் எனக்கு வருத்தம் கிடையாது. வங்கிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர் அவர். நீங்கள் பேசாமல் இருந்ததுதான் எனக்கு ஒரு வாரமாகத் தொண்டையில் நிற்கிறது.

கட்டடப் படிப்புக்கு ஜெர்மனியில் இரண்டு ஊரிலிருந்தும் இடம் கிடைத்த கடிதம் 2024 மே மாதம் ஒரே வாரத்தில் வந்தது நினைவிருக்கும். அந்த அக்டோபர் பருவத்திலிருந்துதான் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் கட்டணம் வாங்கத் தொடங்கியது. எனக்குக் கிடைத்த படிப்புக்கு ஆறு மாதப் பருவத்துக்கு 6,000 யூரோ. நாலு பருவத்துக்கு 24,000, அன்றைய கணக்கில் 20 லட்சம் ரூபாய்க்கு மேல். டிரெஸ்டனில் கட்டணம் கிடையாது. பருவத்துக்கு ஏறக்குறைய 300 யூரோ கட்டினால் போதும், டிராம் ரயில் பயணச்சீட்டுகூட அதில் அடக்கம். பணத்துக்காகத்தான் நான் டிரெஸ்டனை எடுத்தேன் என்று எல்லாரும் முடிவு கட்டினார்கள். தன்னால் முடியாமல்தானே பிள்ளைக்குப் பெரிய ஊர் தவறிவிட்டது என்று நீங்கள் ராத்திரி தூங்காமல் கிடந்ததாக அம்மா சொன்னாள்.

அப்படி இல்லை அப்பா. வங்கி அந்தப் பணத்தையும் தந்திருக்கும். மாமாவும் சரி என்றுதான் சொன்னார்.

நான் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும்போது ஒரு சனிக்கிழமை உங்களுக்குச் சோறு கொண்டு வந்தேன். கடற்கரையில் சுனாமிக்குப் பிறகு கட்டிய ஒரு வீடு. கட்டிப் பத்து வருஷம் ஆகவில்லை, சன்ஷேடு பாளம் பாளமாக விழுந்துகொண்டிருந்தது. நீங்கள் சுத்தியலால் மட்டுப்பாத் தளத்தின் அடிப்பக்கத்தை ஒவ்வொரு சாணாகத் தட்டிக்கொண்டே போனீர்கள். நல்ல இடத்தில் 'டங்' என்று கேட்டது. கெட்ட இடத்தில் வெறும் தகரப்பெட்டி மாதிரி ஒரு சத்தம். அங்கே கொத்தியதும் உள்ளே கம்பி கறுத்து, அடுக்கடுக்காக உரிந்து, விரல் பருமன் இருந்தது குச்சி மாதிரி ஆகியிருந்தது. "துரு இரும்பைவிட ரெம்ப இடம் கேக்கும் மக்ளே. இடம் கெடைக்காட்டி சிமெண்டைத் தள்ளி வெளிய வரும்" என்றீர்கள். உப்புக்காற்றில் கம்பிக்கு என்ன நடக்கிறது என்பதை எந்தப் புத்தகத்திலும் படிப்பதற்கு முன்னால் எனக்குச் சொன்னது நீங்கள்தான். கம்பியை ஈர மணலில் போட்டதற்காக அன்றைக்குக் கையாளை நீங்கள் ஏசியதும் மறக்கவில்லை.

மியூனிக்கில் எனக்குக் கிடைத்தது முழுக்கக் கணினியில் கணக்குப் போடும் படிப்பு. நல்ல படிப்புதான். டிரெஸ்டனிலோ கம்பிக்குப் பதிலாகக் கார்பன் இழையை, அதாவது கரிநூலை, வைத்துக் கான்கிரீட் போட 20 வருஷத்துக்கும் மேலாக வேலை செய்கிறார்கள். அதற்காக இங்குள்ள மூன்று பேராசிரியர்களுக்கு 2016-ல் ஜெர்மனியின் எதிர்காலப் பரிசு கிடைத்தது. கரி துருப்பிடிக்காது. துருப்பிடிக்காததால் கம்பியை மூட ஒரு அங்குலம் இரண்டு அங்குலம் என்று சிமெண்டை ஏற்ற வேண்டாம், பலகை மாதிரி மெலிதாகப் போடலாம். இதை வாசித்த அன்றைக்கே என் மனசு இங்கே வந்துவிட்டது. உங்களிடம் அப்போது விளக்கிச் சொல்லாமல் "அதுதான் எனக்குப் பிடிச்சிருக்கு" என்று முறுக்கிக்கொண்டு பேசியது என் தப்பு.

முதல் தடவை அந்தக் கரிநூல் வலையைக் கையில் வாங்கியபோது அம்மாவைப் பெற்ற பாட்டி வலை பின்னுவதுதான் கண்ணில் வந்தது. கறுத்த வலை. கண்ணிகூட ஒரே அளவு. நெசவு எந்திரத்தில் நெய்கிறார்கள், அதனால் கட்டடத் துறையும் துணித் துறையும் இங்கே ஒன்றாக உட்கார்ந்து வேலை பார்க்கின்றன. வளாகத்தின் பக்கத்திலேயே 2022-ல் கரிக் கான்கிரீட்டில் ஒரு வீடு கட்டியிருக்கிறார்கள். உலகத்தில் அப்படிக் கட்டிய முதல் கட்டடம் அது. சுவரே வளைந்து கூரையாகப் போகிறது. நீங்கள் வந்தால் தடவித் தடவிப் பார்ப்பீர்கள். விலைதான் இன்னும் இரும்பைவிட அதிகம். குறும்பனையிலோ முட்டத்திலோ ஒரு வீட்டுக்குக் கட்டுப்படியாக இன்னும் எத்தனை காலமோ. ஆனால் அந்த வேலையில் ஒரு ஓரத்தில் நானும் நிற்கிறேன்.

இங்கே எல்பே என்று ஒரு ஆறு ஊரின் நடுவில் போகிறது. நான் வருவதற்கு மூன்று வாரம் முன்பு, 2024 செப்டம்பர் 11-ம் தேதி விடியக்காலம் 3 மணிக்கு, அதன்மேல் இருந்த கரோலா பாலத்தில் ஒரு பகுதி அப்படியே ஆற்றில் விழுந்தது. டிராம் ஓடும் பகுதி. கடைசி டிராம் கடந்து போய்க் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. ஒருவருக்கும் காயம் இல்லை, அது கடவுள் புண்ணியம். நான் வந்து பெட்டியை வைத்த மறுநாளே போய்ப் பார்த்தேன். உடைந்த பாலம் முதுகு முறிந்த மாடு மாதிரித் தண்ணீரில் கிடந்தது.

அது 1971-ல் கட்டி முடித்த பாலம். உள்ளே கம்பியை இழுத்து விறைப்பாகப் பூட்டியிருப்பார்கள். கட்டுமரத்தில் தடிகளைச் சேர்த்து வைத்துக் கயிற்றை இறுக்கிக் கட்டுவது போலத்தான், அந்த இறுக்கம்தான் பாலத்தைத் தாங்குகிறது. விசாரித்து அறிக்கை கொடுத்தது எங்கள் பல்கலைக்கழகப் பேராசிரியர். அவர் கண்டுபிடித்ததைக் கேட்டால் நீங்கள் எழுந்து நிற்பீர்கள். கட்டும்போதே அந்தக் கம்பிகள் ஈரத்தில் இருந்திருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு அப்போதே விழுந்து, 50 வருஷத்துக்கு மேலாக வண்டி போகப் போக வளர்ந்து, ஒவ்வொரு கம்பியாக அறுந்து வந்திருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தவருக்கு ஒன்றும் தெரியவில்லை. வகுப்பில் இதைக் கேட்டபோது அந்தக் கையாளை நீங்கள் ஏசிய சத்தம் காதில் கேட்டது.

விழாமல் நின்ற பகுதிகளில் காது வைத்த மாதிரிக் கருவிகளை ஒட்டினார்கள். உள்ளே கம்பி அறுந்தால் அந்தச் சத்தத்தை அது பிடித்துவிடும். சுத்தியலும் காதுமாக நீங்கள் செய்ததேதான். எங்கள் ஆய்வகத்திலும் தட்டிக் கேட்கச் சின்னச் சுத்தியல் இருக்கிறது. நான் தட்டியதைப் பார்த்து ஆய்வகப் பொறுப்பாளர், யாரிடம் பழகினாய் என்று கேட்டார். கொத்தனார் மகள் என்று சொன்னேன். அன்றைக்கிருந்து வாரம் 10 மணி நேரம் அங்கேயே எனக்கு வேலை. கான்கிரீட் கட்டைகளை உடைத்து எழுதி வைப்பது.

அந்தப் பாலத்தின் மிச்சத்தையும் இப்போது இடித்து எடுத்துவிட்டார்கள். இடிக்கும்போது, இந்த ஜனவரியில், அங்கே 250 கிலோ எடையில் ஒரு வெடிகுண்டு கிடைத்தது. இரண்டாம் உலகப் போரில் விழுந்து வெடிக்காமல் கிடந்தது. சுற்றுவட்டாரத்தில் சுமார் 10,000 பேரை வெளியேற்றிவிட்டுத்தான் செயலிழக்க வைத்தார்கள். அம்மாவிடம் நான் அப்போது சொல்லவில்லை. 1945 பிப்ரவரியில் இந்த ஊரை எரித்தே விட்டார்கள். அதில் இடிந்த பெரிய கோயில் 2005-ல்தான் மறுபடி எழும்பியது. இடிபாட்டில் எடுத்த பழைய கல்லையெல்லாம் எண் போட்டு, முடிந்ததை அதன் பழைய இடத்திலேயே வைத்திருக்கிறார்கள். பழைய கல் கறுப்பு, புதுக்கல் வெளுப்பு. அந்தச் சுவர் முன்னால் உங்களை ஒரு மணி நேரம் நிறுத்த வேண்டும் என்று எனக்கு ஆசை.

எல்லாம் நல்லது என்று எழுதினால் நம்பமாட்டீர்கள். 4 மணிக்கே இருட்டிவிடுகிறது. முதல் குளிர்காலத்தில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து திரும்பினால் அறையில் பேச ஆள் இல்லாமல் அழுதிருக்கிறேன். நான் வந்த நேரத்தில்தான் இந்த மாநிலத் தேர்தலில் குடியேறிகளை எதிர்க்கும் கட்சி 30 சதவீதத்துக்கு மேல் ஓட்டு வாங்கியிருந்தது. டிராமில் ஒருவர் என் முகத்துக்கு நேரே எதையோ சொல்லித் திட்டினார். திருப்பிச் சொல்ல வாயில் பாஷை இல்லை. மறுநாளே ஜெர்மன் வகுப்பில் அடுத்த நிலைக்கும் பேர் கொடுத்தேன். இப்போது பேசுகிறேன். பயப்பட வேண்டாம், ராத்திரி நேரத்தில் தனியாகச் சுற்றுவது இல்லை.

சாப்பாட்டுக்குக் குறை இல்லை. இங்கே வியட்நாம்காரர்கள் நிறையப் பேர் உண்டு. கிழக்கு ஜெர்மனி தனி நாடாக இருந்த காலத்தில் தொழிற்சாலை வேலைக்கு வந்து தங்கிவிட்டவர்கள். அப்படி ஒரு அக்கா கடையில் உறைய வைத்த மரச்சீனிக் கிழங்கு கிடைக்கிறது. டப்பாவில் அடைத்த சாளை மீனை எடுத்து மிளகாய் அரைத்துக் கறி வைத்தால் கொள்ளாம், பிள்ளை பிழைத்துக்கொள்வாள்.

மியூனிக்கையும் போய்ப் பார்த்தேன், இந்த ஜூலையில். மார்த்தாண்டத்துப் பையன் ஒருவன் அங்கே படிக்கிறான். ஊர் அழகு. தமிழ் ஆட்கள் அதிகம், பெரிய கம்பெனிகள் அதிகம், ஜெர்மன் குறைவாகத் தெரிந்தாலும் வேலை கிடைக்கிறது. ஆனால் அவன் அறைக்கு மாதம் 780 யூரோ. எனக்கு மாணவர் விடுதியில் 290. வாடகைக்காகவே வாரத்தில் மூன்று நாள் வேலைக்கு ஓடுகிறான், படிப்பு இழுக்கிறது. இருந்தாலும் அவனுக்கு வண்டி எந்திரம்தான் உயிர், அவனுக்கு அந்த ஊர்தான் சரி. நான் அவன் இடத்தில் இருந்தால் கடன் வாங்கியாவது அங்கேதான் போயிருப்பேன்.

ஆகவே தங்கச்சிக்கு இந்த ஊர், அந்த ஊர் என்று யாரும் முடிவு செய்ய வேண்டாம், மாமாவும் வேண்டாம், நானும் வேண்டாம். அவள் படிப்பு மின்னணு. கணினிச் சில்லு செய்யும் பெரிய ஆலைகள் டிரெஸ்டனில் இருக்கின்றன, 2024 ஆகஸ்டில் தைவான் கம்பெனி இன்னொன்றுக்கும் அடிக்கல் போட்டிருக்கிறது. மியூனிக் பக்கம் அதை வடிவமைக்கிறவர்கள் அதிகம். செய்வதா வரைவதா, எதில் அவளுக்குக் கை ஓடும் என்று அவளிடம் ஒருநாள் நீங்கள் உட்கார்ந்து கேளுங்கள். உங்களிடம் சொல்வாள். பணத்துக்கு இப்போதே கணக்கு வையுங்கள்: விசாவுக்காக வங்கியில் முடக்கி வைக்க வேண்டிய பணம் எனக்கு 11,208 யூரோவாக இருந்தது, இப்போது 11,904. அது நம் பணம்தான், இங்கே வந்ததும் மாதம் 992 என்று திரும்பி வரும். சான்றிதழ் சரிபார்ப்புக்கு டெல்லிக்கு முதலில் அனுப்பச் சொல்லுங்கள், அதில்தான் நாள் போகும்.

ஒரு காரியம் அப்பா. பெரியம்மா வீட்டு சன்ஷேடில் வெடிப்பு விழுந்திருப்பதாகத் தங்கச்சி படம் அனுப்பினாள். கிறிஸ்துமஸுக்கு முன்னால் பூசி மறைக்கச் சொல்லிப் பெரியம்மா அவசரப்படுத்துவார்கள். பூசிவிடாதீர்கள். அடியில் யாரும் நிற்காமல் ஒரு கயிறு கட்டிவிடுங்கள். விழுகிற பாளத்தில் கையகலம் ஒரு துண்டை, ஒட்டியிருக்கும் கம்பியோடு, பழைய பேப்பரில் சுற்றி எடுத்து வையுங்கள், நனைய விடாதீர்கள். பிப்ரவரியில் வருகிறேன். சுத்தியலையும் எடுத்து வையுங்கள், இரண்டு பேருமாக ஒரு சுற்றுத் தட்டிப் பார்த்துவிட்டு எங்கே கொத்துவது என்று முடிவு செய்யலாம்.

அம்மாவிடம் முந்திரிக்கொத்து இப்போதே செய்துவிட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

உங்கள்
மூத்த மகள்