சின்னி, மின்னி விஷயமாக

ஆயர் ஈத்தாம், பினாங்கு
செவ்வாய்க்கிழமை இரவு

அன்பு மகளுக்கு,

உன் நாய்க்குட்டி சின்னி அலமாரிக்கு அடியிலிருந்து வெளியே வந்துவிட்டதா? இன்னும் வரவில்லை என்றால் கையை உள்ளே விட்டு இழுக்காதே. தரையில், அலமாரிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள். பக்கத்தில் வேகவைத்த கோழித் துண்டு இரண்டை வை. கூப்பிடாதே, திரும்பிப் பார்க்காதே. அரை மணி நேரம் ஆனாலும் தானாக வரும். வந்த உடனே தூக்கி மடியில் வைக்க வேண்டாம். அது உன்னை முகர்ந்து முடிக்கட்டும்.

நேற்று நீ அழுதுகொண்டே "சின்னியை அடித்துவிட்டேன் அப்பா, என்னால் முடியாது, யாருக்காவது கொடுத்துவிடுகிறேன்" என்றபோது எனக்கு வாயில் வார்த்தை வரவில்லை. தொலைபேசியில் அவசரப்பட்டு எதையாவது சொல்வதைவிட உட்கார்ந்து எழுதுவது நல்லது என்று தோன்றியது. அம்மா இரண்டு முறை வந்து விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டாள். நம் நாய் மணி என் காலடியில் படுத்திருக்கிறது.

வீட்டுக்குள் மூத்திரம் பெய்தால் செய்தித்தாளைச் சுருட்டி அடி, மூக்கை மூத்திரத்தில் தேய் என்று உன் அலுவலகத்தில் யாரோ சொன்னார்கள் அல்லவா? அதே காரியத்தை மூன்று வருடத்துக்கு முன் நான் மணியிடம் செய்தேன். உன்னிடம் இதைச் சொன்னதில்லை. மணி வந்த இரண்டாவது வாரம், அம்மா விளக்கேற்றும் இடத்துக்குப் பக்கத்திலேயே மூத்திரம் பெய்துவிட்டது. நான் கோபத்தில் இரண்டு அடி வைத்தேன். அடுத்த நான்கு நாட்களுக்கு வீடு துடைத்துவைத்ததுபோல் இருந்தது. அடியாத மாடு படியாது என்று கேட்டு வளர்ந்தவன் நான். பலித்துவிட்டது என்று நினைத்தேன். ஐந்தாம் நாள் சோபாவுக்குப் பின்னாலிருந்து நாற்றம் வந்தது. நகர்த்திப் பார்த்தால் நான்கு நாள் கணக்கும் அங்கேதான் இருந்தது. அதைவிட மோசமானது, வெளியே புல்லில் கூட்டிப் போனாலும் என் முன்னால் அது போகாது. அடக்கிக்கொண்டே நிற்கும். நான் திரும்பியதும் பூந்தொட்டிக்குப் பின்னால் ஓடும். கால்நடை மருத்துவரிடம் சொன்னபோது அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "அடித்தீர்களா?"

வீட்டுக்குள் போகக்கூடாது என்பதை மணி கற்கவில்லை. இந்த ஆளின் கண்முன்னால் போகக்கூடாது என்பதைத்தான் கற்றுக்கொண்டது. அதை மாற்ற எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. நீ பள்ளியில் படிவம் இரண்டு படித்தபோது கணக்குத் தாளை அரிசி டிரம்முக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தாயே, அது ஏன் என்று எனக்கு அந்த மருத்துவர் முன்னால் உட்கார்ந்திருக்கும்போதுதான் புரிந்தது, அம்மாடி.

சுங்கை பட்டாணிப் பக்கம் ரப்பர்த் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவன் என்பதால் எனக்கு நாயைத் தெரியும் என்று நம்பியிருந்தேன். அங்கே நாய்கள் இருந்தன, அவ்வளவுதான். விடியற்காலையில் பால்மரம் வெட்டப் போகிறவர்கள் பின்னால் ஓடும், மீதிச் சோற்றைத் தின்னும், வீட்டுக்கு அடியில் தூங்கும். யாரும் எதையும் வளர்க்கவில்லை. ஒரு ஈற்றில் ஆறு குட்டி பிறந்தால் இரண்டு தங்கும்; வயிறு உப்பியும் வலிப்பு வந்தும் மற்றவை போகும். புழு, டிஸ்டெம்பர் என்று அவற்றுக்குப் பெயர் இருப்பதை நான் அறுபது வயதுக்கு மேல்தான் தெரிந்துகொண்டேன். ஆகவே முதல் முறையாக வளர்க்கிறோமே என்று நீ வெட்கப்பட ஒன்றுமில்லை. மணிதான் எனக்கும் முதல் நாய்.

இப்போது செய்ய வேண்டியது. பத்து வாரக் குட்டியால் இரண்டு, இரண்டரை மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாது. விழித்து ஓடியாடும்போது அவ்வளவுகூடத் தாங்காது. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டுக் கால் மணி நேரத்துக்குள், விளையாடி முடித்ததும் பின்வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போ. எப்போதும் அதே மூலை. போய் முடித்த அந்தக் கணத்திலேயே, அங்கேயே, பட்டாணி அளவு கோழித் துண்டு வாய்க்குள் போக வேண்டும். அடுக்களைக்குத் திரும்பி வந்து கொடுத்தால், அடுக்களைக்கு வந்ததற்குக் கூலி என்றுதான் அது நினைக்கும். வீட்டுக்குள்ளே பெய்துவிட்டால் ஒன்றும் சொல்லாமல் துடை. பினாயில் நம் மூக்கைத்தான் ஏமாற்றும், நாயின் மூக்கை அல்ல. மூத்திரத்தையே சிதைக்கும் என்சைம் கலந்த திரவம் செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கிறது, அதை வாங்கு. இரவில் ஒருமுறை, இரண்டு மணிக்கு, அலாரம் வைத்து எழ வேண்டியிருக்கும். சில வாரங்கள்தான்.

பெயர் விஷயம் உனக்குச் சிறியதாகத் தோன்றலாம். சின்னி, மின்னி என்று வைத்திருக்கிறாய். நமக்கே தூரத்திலிருந்து கேட்டால் பேதம் தெரியாது. குட்டிகள் பாவம், எதைக் கூப்பிடுகிறாய் என்று எப்படி அறியும்? ஒன்றை மாற்ற வேண்டும். மாற்றுவதென்றால் சின்னியை மாற்று. நேற்று அந்தப் பெயரைக் கத்திக்கொண்டுதானே அடித்தாய். அந்தச் சத்தம் இனி அதற்கு அடியின் சத்தம். அம்மா "லட்டு" என்கிறாள். எனக்கும் பிடித்திருக்கிறது. சாப்பாட்டுத் தட்டை வைக்கும்போது மட்டும், கொஞ்சும்போது மட்டும் அந்தப் பெயரைச் சொல். மூன்று நாளில் திரும்பிப் பார்க்கும். திட்டுவதற்கு எந்தப் பெயரையும் பயன்படுத்தாதே.

இரண்டையும் ஒன்றாக எடுத்து வந்ததைப் பற்றி இனிக் குறை சொல்லிப் பயனில்லை. பட்டறையில் ஒன்றை மட்டும் விட்டுவர உனக்கு மனம் வராது, அது எனக்குத் தெரியும். எட்டு வாரம் தாயிடம் விட்டுவைத்துத்தான் தூக்கினாய், அது நல்ல காரியம். ஆனால் இரண்டு குட்டி வளர்ப்பது ஒன்றைப்போல் இரண்டு மடங்கு வேலை அல்ல, வேறு வேலை. ஒன்றுக்கு மற்றொன்று இருந்துவிட்டால் உன் தேவை அவற்றுக்கு இல்லாமல் போகும். நீ கூப்பிடுவது காதில் விழாது. ஒன்றை மருத்துவரிடம் கூட்டிப் போனால் மற்றது கதவைப் பிறாண்டிக் கதறும். பெண் குட்டிகள் இரண்டு என்றால், பருவம் வந்த பிறகு கடித்துக் குதறிக்கொள்கிறவையும் உண்டு. ஆகவே இன்றிரவிலிருந்து இரண்டு கூண்டு. அருகருகே வை, உன் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வை, ஆனால் தனித்தனியாகத் தூங்கட்டும். தனித்தனித் தட்டு, அறையின் இரண்டு மூலை. தினமும் ஐந்து ஐந்து நிமிடம் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு உட்காரச் சொல்லிக் கொடு. ஒரு மாலை லட்டுவை மட்டும் வெளியே தூக்கிப் போ, மறுநாள் மின்னியை. மற்றது உள்ளே அழும். அழட்டும் என்று சொல்ல எனக்கும் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் முதலில் ஒரு நிமிடம், பிறகு மூன்று, பிறகு பத்து என்று கூட்டினால் அழுகை குறைந்துவிடும்.

கடிப்பதைப் பற்றிச் சொன்னாய். இரவு எட்டு மணிக்கு மேல் பேய் பிடித்ததுபோல் ஓடுகின்றன, கணுக்காலைக் கவ்வுகின்றன என்றாய். அம்மாடி, அது கெட்ட குணம் அல்ல, தூக்கமின்மை. குட்டி நாள் ஒன்றுக்குப் பதினெட்டு மணி நேரமாவது தூங்க வேண்டும். நீ வேலையிலிருந்து வந்த மகிழ்ச்சியில் ஆறு மணியிலிருந்து அவற்றோடு விளையாடுகிறாய். எட்டு மணிக்கு அவை கண் சொருகி, தூங்கத் தெரியாமல், கடிக்கின்றன. ஒரு மணி நேரம் விழித்திருந்தால் கூண்டில் விட்டு மேலே ஒரு பழைய கைலியைப் போர்த்திவிடு. காற்று போக ஒரு பக்கம் திறந்திருக்கட்டும். ஐந்து நிமிடத்தில் சத்தம் அடங்கும். பல் அரிக்கிறது என்பதும் உண்மை. இப்போது வாயில் இருப்பவை 28 பால்பற்கள். நான்காம் மாதத்தில் விழத் தொடங்கி, ஏழாம் மாதத்துக்குள் 42 பற்களும் வந்துவிடும். ஈரத் துணியை முறுக்கி உறைபெட்டியில் வைத்துக் கொடு. கையைக் கடித்தால் கையை இழுக்காமல் அசையாமல் வைத்து, எழுந்து அறையைவிட்டுப் போய்விடு. அரை நிமிடம் போதும். கடித்தால் ஆட்டம் முடிகிறது என்று புரிய வேண்டும்.

பக்கத்து வீட்டு மாக்சிக், அந்த மலாய் முஸ்லிம் அம்மாவைப் பற்றி நீ ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிட்டாய். என் மனம் அங்கேயே நிற்கிறது. குட்டி ஓடிப்போய் அவர் கையை நக்கிவிட்டது என்றால், அவர் ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒருமுறை மண் கலந்த நீரால். தொழுகை நேரத்தில் அது எவ்வளவு பெரிய வேலை என்று யோசித்துப் பார். அவர் முகம் சுளிக்காமல் போனது அவருடைய பெருந்தன்மை. நாளை நீயே போய் மன்னிப்புக் கேள். அதற்கென்றே மண் கலந்த சோப்பு விற்கிறார்கள், கேட்டுப் பார்த்து ஒன்று வாங்கிக்கொண்டு போ. வாசல் கம்பிக் கதவின் அடியில் வலை அடித்துவிடு. ஆள்மேல் தாவாமல் இருப்பதை மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் கற்றுக்கொடு: தாவினால் திரும்பி நில், நான்கு காலும் தரையில் இருக்கும்போது மட்டும் கொஞ்சு. நம் நாட்டில் நாய் வளர்க்கிறவன் முதலில் கற்பிக்க வேண்டியது இதுதான் என்பது என் எண்ணம். கை கொடு, உருண்டு காட்டு என்பதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஊசி இன்னும் முடியவில்லை, மறந்துவிடாதே. பதினாறு வாரம் ஆகும்வரை மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை போட வேண்டும். குட்டிகளைக் கொல்லும் பார்வோ என்ற நோயின் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆகவே பின்சந்தில், தெருநாய்கள் போகும் புல்லில் இறக்கிவிடாதே. அதற்காக வீட்டுக்குள்ளேயே பூட்டி வைத்தாலும் தவறு. பதினான்கு வாரம் வரைதான் குட்டியின் மனம் புதியதை அச்சமின்றி ஏற்கும். கையில் தூக்கிக்கொண்டு செந்தூல் கடைத்தெருவைக் காட்டு: மோட்டார் சைக்கிள், குடை, தலைக்கவசம் போட்ட ஆள், சக்கர நாற்காலி. தைப்பூச ரதம் உங்கள் பக்கம் ஜாலான் ஈப்போ வழியாகத்தான் பத்துமலைக்குப் போகிறது. உறுமி மேளத்தை மிக மெல்லிய சத்தத்தில் வைத்துவிட்டுச் சாப்பாடு போடு, வாரா வாரம் கொஞ்சம் கூட்டு. மணிக்கு இதை நான் செய்யவில்லை. சீனப் பெருநாளின் எட்டாம் நாள் நள்ளிரவில் இங்கே ஹொக்கியன் சீனர்கள் வெடிக்கும் பட்டாசுக்கு அது இன்றும் குளியலறையில் போய் நடுங்குகிறது. நான் அதோடு தரையில் உட்கார்ந்திருப்பேன், வேறு வழி தெரியாது.

வெறிநாய்த் தடுப்பூசியும் மாநகர் மன்ற உரிமமும் தள்ளிப்போட வேண்டாம். 2015 செப்டம்பரில் பினாங்கில் அந்த நோய் வந்தபோது தெருநாய்களைப் பிடித்துக் கொன்றதை நான் பார்த்தவன். கழுத்தில் பட்டை இல்லாத நாய்க்காகப் பேச அன்றைக்கு யாரும் வரவில்லை.

சாப்பாட்டில் நாலே விஷயம் சொல்கிறேன். வெங்காயம், பூண்டு சேர்ந்த குழம்புச் சோறு வேண்டாம். வேகவைத்த கோழி எலும்பு வேண்டாம், சிம்பாகப் பிளந்து குடலில் குத்தும். சாக்லேட்டும் திராட்சையும் வேண்டவே வேண்டாம். பாயசத்திலிருந்து விழும் உலர்திராட்சைகூட நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். உடம்பு சுட்டால் பனடால் (பாரசிட்டமால்) கொடுத்துவிடாதே, அது அவற்றுக்கு விஷம்.

வெள்ளிக்கிழமை காலை ஃபெர்ரியில் பட்டர்வொர்த் போய், ரயில் பிடித்து கேஎல் சென்ட்ரல் வருகிறேன். டிக்கெட் எடுத்துவிட்டேன். இரண்டு வாரம் உன்னோடு இருப்பேன். பகலில் நீ வேலைக்குப் போனாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தூக்கிக்கொண்டு வெளியே போக ஆள் இருக்கும். மணியை அம்மா பார்த்துக்கொள்வாள். அதுவரை யாருக்கும் கொடுத்துவிடாதே, கொடுப்பதாக யாரிடமும் வாக்கும் சொல்லாதே.

நான் வந்து வாசலில் நிற்கும்போது மின்னியைக் கூண்டில் விட்டுவிட்டு லட்டுவை மட்டும் கூட்டிக்கொண்டு வா. கண்ணாடி போட்ட, நரைத்த தாடி உள்ள கிழவனை அது இதுவரை பார்த்திருக்காது. சட்டைப் பையில் கோழித் துண்டு வைத்திருப்பேன். நான் தரையில் உட்கார்ந்துகொள்கிறேன், நீ கயிற்றைத் தளர்த்திப் பிடி. எவ்வளவு நேரம் ஆனாலும் அதுவாக வரட்டும்.

அன்புடன்,
அப்பா