'ப்ரீஃபேப்' வீடு தற்காலிக வீடு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொழிற்கூடத்தில் வார்த்த பாகங்களைக் கொண்டுவந்து பொருத்திக் கட்டும் வீடுகளைப் பற்றிய செய்திகளில் 'ப்ரீஃபேப்' என்ற ஆங்கிலச் சொல்லும் 'தற்காலிக வீடு' என்ற தொடரும் ஒன்றுக்கொன்று ஈடாக வருவதைப் பார்க்கிறேன். கட்டுமானத் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில் இது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

இலத்தீனில் 'ஃபாபர்' என்றால் கொல்லர், தச்சர் போன்ற கைவினைஞர். அவர் வேலை செய்யும் பட்டறை 'ஃபாப்ரிகா'. அந்த வேரிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த, 'செய்து உருவாக்குதல்' எனப் பொருள்படும் 'ஃபேப்ரிகேட்' என்ற வினைச்சொல்லின் முன்னால் 'முன்னதாக' எனப் பொருள்படும் 'ப்ரீ' சேர்ந்து உருவான சொல்லின் சுருக்கமே 'ப்ரீஃபேப்'. அது 1930களில் கட்டடத் துறையில் பரவியது. நம் ஊர்களில் கேட், கிரில் செய்யும் வெல்டிங் பட்டறைகளின் பெயர்ப்பலகையில் 'ஃபேப்ரிகேஷன்' என்று எழுதியிருப்பதும் இதே பொருளில்தான். வேலை எங்கே, எப்போது நடக்கிறது என்பதைத்தான் இச்சொல் சொல்கிறது. கட்டடத்தின் ஆயுளைப் பற்றி அதில் எதுவும் இல்லை.

சொல் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே செயல் இருந்தது. 1851ஆம் ஆண்டுக் கண்காட்சிக்காக லண்டன் ஹைட் பூங்காவில் ஜோசப் பாக்ஸ்டன் வடிவமைத்த கண்ணாடி மாளிகை, வேறிடங்களில் செய்த வார்ப்பிரும்புப் பாகங்களையும் கண்ணாடிகளையும் கொண்டு சில மாதங்களில் எழும்பியது. பிறகு பிரிக்கப்பட்டு, சிடன்ஹாமில் மாற்றங்களுடன் மீண்டும் கட்டப்பட்டு, 1936இல் தீக்கு இரையாகும்வரை நின்றது.

'தற்காலிகம்' என்ற முத்திரை விழுந்தது இரண்டாம் உலகப் போரால். குண்டுவீச்சில் வீடிழந்தோருக்காக பிரிட்டன் 1944இல் தனிச்சட்டம் இயற்றி, ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட சிறு வீடுகளைக் கட்டியது. அவற்றில் ஒரு வகை, விமானத் தொழிற்சாலைகளில் அலுமினியத்தில் செய்யப்பட்டு, நான்கு துண்டுகளாக லாரியில் வந்து இறங்கியது. சுமார் பத்து ஆண்டுகளுக்கென்றே கட்டிய அந்த வீடுகள் பலவற்றில், உள்ளேயே குளியலறையும் குளிர்சாதனப் பெட்டியும் இருந்ததால் மக்கள் விட்டுப்போக மனமில்லாமல் வாழ்ந்தார்கள். லண்டன் கேட்ஃபோர்டில் அறுபது ஆண்டுகள் கடந்தும் குடியிருப்பு நீடித்தது.

இம்முறையில் ஆபத்தே இல்லை என்று நான் வாதிடவில்லை. கிழக்கு லண்டனில் ரோனன் பாயிண்ட் என்ற 22 மாடிக் கட்டடத்தில் 1968 மே 16 அன்று பதினெட்டாவது மாடியில் எரிவாயு வெடித்ததும், முன்கூட்டியே வார்த்துப் பொருத்திய கான்கிரீட் சுவர்ப்பலகைகள் பெயர்ந்து ஒரு மூலை முழுவதும் சரிந்து நால்வர் இறந்தனர். 1986இல் அதைப் பிரித்தபோது, கலவை நிரம்பியிருக்க வேண்டிய இணைப்புகளில் செய்தித்தாள் திணித்திருந்தது தெரியவந்தது. பலகைகளை எவ்வளவு நேர்த்தியாக வார்த்தாலும், அவற்றைக் கட்டுமான இடத்தில் இணைக்கும் வேலை சரியில்லையென்றால் பயனில்லை.

சென்னை பெரும்பாக்கத்தில் 2022இல் திறக்கப்பட்ட 1,152 வீடுகளும் முன்வார்ப்பு கான்கிரீட் முறையில் கட்டப்பட்ட நிரந்தர வீடுகளே. 'தற்காலிகம்' என்று படித்தால் அங்கே குடியிருப்போர் வீணாக அஞ்சுவார்கள். ஆகவே இத்தகைய செய்திகளில் 'முன்வார்ப்பு' என்றோ 'தொழிற்கூடத்தில் தயாரித்துப் பொருத்திய' என்றோ எழுதி, பாகங்கள் எந்தப் பொருளால் ஆனவை, இணைப்புகளைச் சோதித்தவர் யார் என்பதையும் நிருபர்கள் கேட்டு வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர்,
சென்னை