ஊஞ்சல் கணக்கு

கல்லடி, மட்டக்களப்பு

அன்பின் மச்சான்,

நாங்கள் எல்லாரும் சுகம். வேளாண்மை வெட்டு முடிந்து நெல்லும் வீடு வந்து சேர்ந்தது என்று எழுதியிருந்தாய். வாசிக்கவே மனம் நிறைந்தது. இங்கே இப்போதே வெயில் சுடத் தொடங்கிவிட்டது.

மகள் பௌதிகவியல் சமன்பாடெல்லாம் பாடமாக்கியும், கணக்கைக் கண்டால் எதை எடுப்பது என்று தெரியாமல் திகைக்கிறாள் என்றாய். என்னிடம் வரும் பிள்ளைகள் பலருக்கும் அதே தடுமாற்றந்தான். கேள்வி எதைக் கேட்கிறது என்று முதலில் பார்க்கச் சொல்லு. வேகமும் உயரமும் மட்டும் என்றால் சக்திக் காப்பு, அதாவது மொத்தச் சக்தி மாறாது என்ற விதி, போதும். கயிற்றின் இழுவை போல ஏதாவது விசை கேட்டால் நியூற்றனின் இரண்டாம் விதியும் (விசை = திணிவு × ஆர்முடுகல்) வேண்டும். நேரத்தைக் கேட்டால் சக்திக் காப்பு நேரடியாக ஒன்றும் சொல்லாது, இயக்கத்தையே எழுதத்தான் வேண்டும்.

சித்திரைக்கு வளவில் ஊஞ்சல் கட்டுவீர்கள்தானே, அதையே கணக்காகக் கொடு. கயிறு 5 மீற்றர். நிலைக்குத்தோடு 60 பாகை வரை போய்த் திரும்புகிறது, காற்றுத் தடை இல்லை, யாரும் உந்தவுமில்லை. கோசைன் 60 அரை என்பதால் உயர்ச்சி 2.5 மீற்றர். புவியீர்ப்பு ஆர்முடுகலை 10 என்று எடுத்தால் அடிப்புள்ளியில் வேகத்தின் வர்க்கம் 2 × 10 × 2.5 = 50, அதாவது செக்கனுக்கு ஏறத்தாழ 7 மீற்றர். திணிவு வெட்டுப்பட்டுப் போகிறது: சின்னப்பிள்ளை இருந்தாலும் நீ இருந்தாலும் வேகம் ஒன்றுதான்.

இனி இழுவை. எனக்கு மிகப் பிடித்த இடம் இது. அடியில் கயிறு நிறையைத் தாங்குவதோடு ஆளை வட்டத்தில் திருப்பவும் வேண்டும். திருப்பும் விசை, திணிவை 50ஆல் பெருக்கி 5ஆல் பிரித்தது. அது நிறைக்கே சமன். ஆகவே 50 கிலோகிராம் ஆளுக்கு 500 அல்ல, 1000 நியூற்றன். கயிறு எவ்வளவு நீளமானாலும் 60 பாகைக்கு இரு மடங்கு, 90 பாகைக்கு மும்மடங்கு. கொப்பைப் பார்த்துக் கட்டு மச்சான்!

அலைவுகாலத்தில்தான், அதாவது ஒருமுறை போய்த் திரும்பி வர எடுக்கும் நேரத்தில்தான், பிள்ளைகள் அவசரப்படுகிறார்கள். எளிய ஊசலின் சமன்பாடு 4.4 செக்கன் தரும். ஆனால் அது சிறிய கோணத்துக்கு மட்டும். நடுவுக்குத் திருப்பும் விசை கோணத்தின் சைனுக்கு விகிதசமன், கோணத்துக்கு அல்ல. கோணத்தின் மற்ற அலகான ஆரையனில் 60 பாகை 1.05, அதன் சைன் 0.87. சமன்பாடு எதிர்பார்ப்பதை விட விசை குறைகிறது, ஊஞ்சல் தாமதிக்கிறது, காலம் 4.8 செக்கனுக்குக் கிட்டப் போகிறது. விற்சுருளில் இந்தச் சிக்கல் இல்லை. மீள்தன்மை எல்லைக்குள் விசை நீட்சிக்கு விகிதசமன் என்பதால் வீச்சம் (நடுவிலிருந்து போகும் உச்சத் தூரம்) எதுவானாலும் காலம் மாறாது. சமன்பாட்டோடு அதன் நிபந்தனையையும் அவள் பாடமாக்க வேண்டும்.

உயர்தரப் பரீட்சையில் கணிப்பானுக்கு இடமில்லை, முதலாம் வினாத்தாளில் 2 மணித்தியாலத்தில் 50 பல்தேர்வு வினா. சக்தியால் முடிகிற கணக்கில் ஆர்முடுகலைத் தேடிப் போனால் நேரம் போய்விடும்.

அவளிடம் ஒன்று கேள்: இதே ஊஞ்சலில் இயக்கப்பாட்டுச் சக்தியும் (வேகத்தால் வருவது) அடிப்புள்ளியிலிருந்து அளந்த அழுத்த சக்தியும் (உயரத்தால் வருவது) சமனாவது எத்தனை பாகையில்? 30 என்று சொன்னால், படம் கீறி உயரத்தைப் பார்க்கச் சொல்லு. செய்த தாளை வாட்ஸ்அப்பில் அனுப்பட்டும்.

அன்புடன்,
உன் பழைய வாங்குத் தோழன்