பாம்பன் பாலமும் நன்னூலும்

அன்புள்ள விஜயா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. காலாண்டுத் தேர்வுத் தாள்கட்டு மேசையை விட்டு இறங்கட்டும் என்று இருந்தேன். மகளுக்கு வரன் பார்க்கிறாயாமே! அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு நீ பி.எட். தேர்வு எழுத வந்தது நேற்றுப் போல இருக்கிறது. இங்கே எல்லாரும் நலம். அத்தைக்குத்தான் முழங்கால் வலி விட்டபாடில்லை. உங்க அண்ணன் தினமும் தைலம் தேய்த்துவிடுகிறார். மருமகள் தேய்த்தால் அழுத்தம் போதவில்லையாம்.

உன் பிள்ளைகள் கதை என்றால் கண் விரிய ஒப்பிக்கிறார்கள், கட்டுரைப் பாடம் என்றால் ஊமையாகிவிடுகிறார்கள் என்று எழுதியிருந்தாயே, இங்கும் அதேதான். எட்டாம் வகுப்புக்குப் பாம்பன் பாலத்தைப் பற்றி ஒரு பத்தி கொடுத்து, ‘பாலத்தைச் சீரமைக்க வேண்டி வந்தது ஏன்?’ என்று கேட்டேன். ஒரு வரியில் முடிய வேண்டிய பதில். பாதிப் பேர் ‘1914-ஆம் ஆண்டு பாம்பன் பாலம் திறக்கப்பட்டது’ என்று முதல் வரியிலிருந்து பிடித்து, பக்கம் தீரும்வரை எழுதி வைத்திருந்தார்கள். 1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயல் எங்கோ நடுவில் கிடந்தது. அது காரணம், மற்றது வரலாறு என்று பிரித்துப் பார்க்கவே தெரியவில்லை. இத்தனைக்கும் இது அவர்கள் வீட்டுத் திண்ணையில் தாத்தாக்கள் சொல்லும் சங்கதி. தனுஷ்கோடிக்குப் போன ரயிலையே அலை கொண்டுபோன ராத்திரி அது.

முன்பு ஒரு பயிற்சி வகுப்பில் அட்டவணை ஒன்று கொடுத்தார்கள். வருணனை, வரிசை, காரண விளைவு, ஒப்பீடு, சிக்கலும் தீர்வும் என்று ஐந்து கட்டம். அமெரிக்காவில் பானி மேயர் என்ற ஆய்வாளர் எழுபதுகளிலிருந்தே இதை ஆராய்ந்தவர். கட்டுரை எந்த அமைப்பில் இருக்கிறதோ அதையே பிடித்துக்கொண்டு நினைவுகூர்ந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கூடுதலாக நினைவிருந்தது என்று 1980-இல் தன் சகாக்களோடு எழுதியிருக்கிறார். சரிதான். ஆனால் ஒவ்வொரு கட்டத்துக்குக் கீழும் அடையாளச் சொற்கள் என்று ஒரு பட்டியல் போட்டிருந்தார்களே, அதில்தான் நான் ஏமாந்தேன். காரணம் என்றால் ‘ஏனெனில்’, ‘ஆகையால்’ என்று தேடச் சொன்னது. பிள்ளைகள் பென்சிலும் கையுமாக ‘ஏனெனில்’ வேட்டைக்குப் புறப்பட்டார்கள். பாடம் முழுக்கத் தேடினால் ஒன்றோ இரண்டோ. காரணமே இல்லாத பாடம் போலும் என்று முடிவு கட்டிவிட்டார்கள்!

அன்றைக்கு ராத்திரி இட்லிக்கு அரைத்துக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. தமிழில் காரணம் தனிச் சொல்லாக எங்கே வந்து நிற்கிறது? வினையின் வாலில் ஒட்டிக்கொண்டு போகிறது. ‘வீசியதால்’ என்றால் கொஞ்சமாவது தெரியும். ‘புயலடித்துப் பாலம் உடைந்தது’ என்றால்? அந்தத் ‘து’வுக்குள்தான் காரணம் ஒளிந்திருக்கிறது. ‘ரயில் மண்டபத்தைத் தாண்டிப் பாம்பன் வந்தது’ என்பதும் அதே வினையெச்சம்தான். ஆனால் அது வெறும் வரிசை. நாம் இலக்கணத்தில் எச்சம் என்று அடிக்கோடு போட வைக்கிறோம். அந்த எச்சம் அங்கே என்ன வேலை பார்க்கிறது என்று ஒருநாளாவது கேட்டிருக்கிறோமா?

மறுநாள் பட்டியலைக் கிழித்துப் போட்டுவிட்டு, எச்சத்தை உடைத்து நடுவில் ‘அதனால்’ போட்டுப் பாருங்கள், ‘அப்புறம்’ போட்டுப் பாருங்கள், எது பொருந்துகிறது என்றேன். ‘புயல் அடித்தது, அதனால் பாலம் உடைந்தது’ நின்றது. ‘மண்டபத்தைத் தாண்டியது, அதனால் பாம்பன் வந்தது’ என்றதும் ஒரே சிரிப்பு. கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் மட்டும் எழுந்து, “தாண்டலன்னா வந்திருக்காதுல்ல டீச்சர்?” என்றான். எனக்கு உடனே பதில் வரவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று உட்கார வைத்துவிட்டேன். இன்னும் சொல்லவில்லை. நீ என்ன சொல்லியிருப்பாய்?

அடுத்து சீட்டு விளையாட்டு. மூன்று பத்திகளை வரி வரியாக நறுக்கிக் குலுக்கிக் கொடுத்தேன். முதலாவது மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள், பவளப்பாறை, கடல்பசு பற்றியது. அதை எப்படி அடுக்கினாலும் படிக்க முடிந்தது. இரண்டாவது பத்தி, புயலிலிருந்து, ரயில்வே பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் பாலத்தைச் சீரமைத்தது வரை. அதில் ஒரு சீட்டு மாறினாலும், பாலம் உடையும் முன்னே ரிப்பேர் நடந்துவிடுகிறது. மூன்றாவது பத்தி, பழைய பாலமும் 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலமும். கப்பல் வந்தால், பயன்பாட்டில் இருந்தவரை பழையது ஆட்கள் கையால் சுழற்ற இரண்டு பக்கமும் வாய் பிளந்தது. புதியது மின்சாரத்தில் நடுப்பகுதியை அப்படியே 17 மீட்டர் மேலே தூக்கும். இந்தச் சீட்டுகளைப் பிள்ளைகள் ஜோடி ஜோடியாக அடுக்கினார்கள், நான் சொல்லாமலே. அட்டவணை ஒரு மாதத்தில் செய்யாததை நறுக்கிய தாள் ஒரு பீரியடில் செய்துவிட்டது.

ஒப்பீட்டுக்கு வேறு உதாரணம் கேட்டதும் மீனவர் வீட்டுப் பெண் ஒருத்தி, “தெக்கக் காத்து அடிச்சா தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் குளமாட்டம் கெடக்கும். வாடை அடிச்சா மாறிப்போயிரும்” என்றாள். ஒப்பீடு, காரணம் இரண்டும் ஒரே மூச்சில். ஐந்து கட்டத்தில் இதை எந்தக் கட்டத்தில் போடுவது? நான் போடவில்லை. பலகையில் அப்படியே எழுதி வைத்தேன்.

உனக்கு ஒரு தமாஷ். விடுதி மொட்டை மாடியில், நன்னூல் எழுதிய பவணந்தியைத் திட்டிக்கொண்டே உருப்போட்டோமே, ஒரு நூலை அமைக்கும் முப்பத்திரண்டு உத்தி! அதை எடுத்துப் பார்த்தேன். தொகுத்துச் சுட்டல், வகுத்துக் காட்டல், காரணம் காட்டி முடிக்கும் ஏதுவின் முடித்தல், ஒப்பின் முடித்தல். அந்த அட்டவணையின் முக்கால்வாசி அங்கே இருக்கிறது, விஜி. இரண்டு மதிப்பெண்ணுக்கு மனப்பாடம் பண்ணினோமே ஒழிய, ஒரு பாடத்தைப் பிரித்துப் பார்க்கும் கருவி என்று யாரும் நமக்குச் சொல்லவில்லை. நாமும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை. ‘நேரின மணியை நிரல்பட வைத்தாங்கு’ என்று ஓத்துக்கு, அதாவது ஓரினப் பொருளை ஒரே இடத்தில் வரிசையாக வைப்பதற்கு, வரும் நூற்பாவை மட்டும் சொல்லிக் கொடுத்தேன், அதிகம் விளக்காமல். மணி கோப்பது புரியாத பிள்ளை உண்டா?

அதன் விளைவையும் கேள். போன வாரம் ஒரு பெண் கடையில் வாங்கிய அறிவியல் கைடைத் தூக்கிக்கொண்டு வந்து, “டீச்சர், இந்தப் பக்கத்துல ஓத்தே இல்ல” என்றாள். பார்த்தேன். இல்லைதான். மண் அரிப்பின் காரணம் பாதி, தடுக்கும் முறை பாதி, மறுபடி காரணம். நாமே அடுக்கிவிடலாம் என்று சீட்டு நறுக்க உட்கார்ந்தோம். மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. அடுத்த வகுப்பு ஆசிரியர் வாசலில் நின்று கனைத்த பிறகுதான் விட்டோம்.

சொல்ல வந்ததை விட்டு வேறொன்றை விரிக்கும் ‘மற்றொன்று விரித்தல்’ என்று நன்னூல் சொல்லும் குற்றத்தில் நானே மாட்டிக்கொண்டேன், பார். வரன் யார், எந்த ஊர் என்று நீ ஒரு வரிகூட எழுதவில்லை. அதை முதலில் எழுது, உங்கள் ஊர் விவசாயம் கைத்தறி எல்லாம் அப்புறம். அப்படியே உங்கள் பக்கத்துத் தறியைப் பற்றி உன் பிள்ளைகளை நாலு வரி சொல்லச் சொல்லி, அவர்கள் பேச்சு மாறாமல் எழுதி அனுப்பு. நறுக்க எனக்குப் புதுச் சீட்டு வேண்டும். பாம்பன் பாலம் எங்கள் பிள்ளைகளுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

அன்புடன்,
மல்லிகா