கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த மாத்திரை: அமெரிக்காவில் கடை நடத்தும் நம்மவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கேஸ் ஸ்டேஷன், கன்வீனியன்ஸ் ஸ்டோர், ஸ்மோக் ஷாப் நடத்தும் அண்ணன்மார், அக்காமார்களுக்கும், அங்கே இரவு ஷிஃப்ட் பார்க்கும் தம்பி தங்கைகளுக்கும்,

வணக்கம்.

நான் டெக்சஸில் பதினோரு வருடமாக மருந்தாளுநராக வேலை பார்க்கிறேன். என் மாமா இதே ஊரில் கேஸ் ஸ்டேஷன் வைத்திருக்கிறார். இங்கே வந்த புதிதில் வார இறுதிகளில் அவருக்குத் துணையாகக் கல்லா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். பெட்ரோலில் கேலனுக்குச் சில சென்ட்தான் நிற்கும், காபி, சிகரெட், பியர், லாட்டரி என்று உள்ளே விற்பதுதான் வாடகைக்கும் கரன்ட் பில்லுக்கும் ஆகும் என்பது எனக்குத் தெரியும். ராத்திரி இரண்டு மணிக்குக் கதவு மணி அடித்தால் வயிற்றைப் பிசையுமே, அதுவும் தெரியும். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

கேட்க வந்தது ஒன்றுதான். உங்கள் கல்லா பக்கத்தில் 7-ஓஎச் (7-OH) என்று போட்ட மாத்திரை, கம்மி மிட்டாய், சின்ன பாட்டில் எது இருந்தாலும் எடுத்துவிடுங்கள். க்ராட்டம் என்ற மரத்தின் இலையிலிருந்து செய்யும் ஓப்பியாய்டு, அதாவது மார்ஃபின் வகைச் சரக்கு அது. இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்பீர்கள். என் சித்தி மகன் கதையைச் சொல்கிறேன். அவன் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், பெயர் மட்டும் வேண்டாம் என்றான். வேறொரு ஊரில், தெரிந்தவர் கடையில் இரவு ஷிஃப்ட் பார்த்தான். பியர் பெட்டிகளைத் தூக்கித் தூக்கி கூலரில் அடுக்கி இடுப்பு பிடித்துக்கொண்டது. சரக்கு போட வந்த சேல்ஸ்மேன் இரண்டு பாக்கெட்டை இலவசமாகக் கொடுத்து, “இலைதான் தம்பி, இயற்கை, வலி பறந்துவிடும்” என்றிருக்கிறார். வலி பறந்துதான் போனது. முதல் நாள் அரை மாத்திரை. நான்கு மாதத்தில் ஒரு நாளைக்கு எட்டு.

அந்த வருடம் தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு வந்தான். பாக்கெட்டை விட்டுவிட வேண்டும் என்று முடிவெடுத்து, கையில் எதுவும் இல்லாமல் வந்திருக்கிறான். அது எங்களுக்குத் தெரியாது. காலையில் மூக்கு ஒழுகிக்கொண்டே இருந்தது. ஓயாத கொட்டாவி. ஹீட்டர் ஓடுகிற வீட்டில் கையெல்லாம் மயிர்க்கூச்செறிந்து நின்றது. சோபாவில் உட்கார்ந்தால் கால் இரண்டும் தானாக உதறிக்கொண்டே இருந்தன. இட்லியைத் தட்டில் வைத்ததும் பாத்ரூமுக்கு ஓடினான். ஃப்ளூ என்று நினைத்து நான் ரசம் வைத்துக் கொடுத்தேன். ஓப்பியாய்டு நிறுத்தினால் உடம்பு என்ன செய்யும் என்று பாடப் புத்தகத்தில் இருப்பது வரிக்கு வரி என் கண்ணெதிரே நடந்தது. தினமும் ஓப்பியாய்டு மருந்துகளை எண்ணிக் கொடுக்கும் எனக்கு அது உறைக்கவில்லை. நம் வீட்டுப் பிள்ளைக்கு அது வரும் என்று மனசு நினைக்க மறுத்துவிட்டது.

அவசரச் சிகிச்சைக்குக் கூட்டிப் போனோம். சிறுநீர்ப் பரிசோதனையில் ஒன்றுமே இல்லை. வழக்கமாகச் செய்யும் அந்தப் பரிசோதனை 7-ஓஎச்சைக் காட்டாது. பதற்றம், தூக்கமின்மை என்று எழுதி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். காரில் ஏறினதும் ஜாக்கெட் உள்பையிலிருந்து கிழிந்த ஃபாயில் உறை ஒன்றை எடுத்து என் கையில் வைத்தான். “அக்கா, இதை விடவே முடியவில்லை” என்றான். உறையின் ஓரத்தில் கொஞ்சம் நீலப் பொடி ஒட்டியிருந்தது. அதைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு மாத்திரைக்கு 20 மில்லிகிராம் என்று போட்டிருந்தது.

அந்த எண்ணில்தான் விஷயம் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

க்ராட்டம் என்பது தென்கிழக்கு ஆசிய மரம். காப்பிச் செடியின் குடும்பம். நம் ஊர் நீர்க்கடம்பும் இதே மிட்ராகைனா இனம்தான், நெருங்கிய சொந்தம். மலேசியாவில் கெடா, பெர்லிஸ் பக்கம் உறவினர் இருந்தால் கெத்தும் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். தாய்லாந்தில் வயலிலும் தோட்டத்திலும் வேலை செய்கிறவர்கள் அலுப்பு தெரியாமல் இருக்கப் பச்சை இலையை வெற்றிலைபோல் மென்று வந்தார்கள். அந்நாடு 1943இல் அதைத் தடை செய்தது, 2021இல் போதைப் பொருள் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. இலையே ஆபத்தில்லாதது என்று நான் சொல்ல வரவில்லை. பழக்கம் ஏற்படும், சிலருக்குக் கல்லீரல் பாதிக்கும், வலிப்பு வந்தவர்களும் உண்டு. ஆனால் இலையில் முக்கியமாக இருப்பது மிட்ராஜைனின் என்ற பொருள். 7-ஹைட்ராக்ஸி மிட்ராஜைனின், அதாவது 7-ஓஎச், உலர்ந்த இலைப் பொடியில் ஒரு கிராமுக்கு அரை மில்லிகிராம்கூட இருக்காது.

இப்போது அந்த 20 மில்லிகிராமைப் பாருங்கள். அந்த அளவு 7-ஓஎச் இலையிலிருந்து நேரடியாக வர வேண்டுமானால் நாற்பது கிராமுக்கு மேல் பொடியை ஒரே வாயில் விழுங்க வேண்டும். யாராலும் முடியாது, வாந்திதான் வரும். (இலையைத் தின்றால் கல்லீரல் மிட்ராஜைனினில் ஒரு பகுதியை 7-ஓஎச்சாக மாற்றும். அது கொஞ்சம் கொஞ்சமாக நடப்பது.) மாத்திரையில் இருப்பது இலையிலிருந்து எடுத்த மிட்ராஜைனினை ரசாயன முறையில் மாற்றிக் கெட்டிப்படுத்திய சரக்கு. உறையில் பச்சை இலைப் படம் போட்டிருப்பதால் அது மூலிகை ஆகிவிடாது. அபினியிலிருந்துதான் மார்ஃபின் வருகிறது. அதற்காகப் பாட்டிலில் பூப்படம் போட்டு மார்ஃபினை யாரும் கல்லாவில் வைப்பதில்லை.

7-ஓஎச் மூளையில் போய் ஒட்டிக்கொள்வது மார்ஃபின் ஒட்டுகிற அதே மியூ ஏற்பியில். ஜப்பானிய ஆய்வாளர்கள் 2004இல் வெளியிட்ட ஒரு சோதனையில், கினிப் பன்றியின் குடல் திசுவில் அது மார்ஃபினைவிட 13 மடங்கு வீரியமாக வேலை செய்தது. மனித உடம்பில் அதே கணக்கு அப்படியே வரும் என்று சொல்ல முடியாது. ஆனால் எந்த வகைப் பொருள் என்பதில் சந்தேகம் வேண்டாம். வலியைக் குறைக்கும், சுகமாக இருக்கும், சில மணி நேரத்தில் இறங்கும், இறங்கும்போது இன்னொன்று கேட்கும். அளவு கூடினால் மூச்சை மெதுவாக்கும்.

மூச்சு விஷயத்தில் நம் கடைகளுக்கு என்று தனியாக ஓர் ஆபத்து இருக்கிறது. மாத்திரை விற்கிற அதே கல்லாவில் பியரும் விற்கிறோம். இரண்டும் ஒரே பில்லில் போகிறது. லாஸ் ஏஞ்சலிஸ் கவுன்ட்டி பொதுச் சுகாதாரத் துறை 2025 செப்டம்பரில் வெளியிட்ட எச்சரிக்கையில் மூன்று மரணங்களைச் சொன்னது. 18 முதல் 40 வயதுக்குள், மற்றபடி ஆரோக்கியமாக இருந்தவர்கள். உடலில் 7-ஓஎச் அதிக அளவில் இருந்தது, கூடவே மதுவும் இருந்தது. ஒரு சிக்ஸ் பேக், ஒரு ஃபாயில் பாக்கெட், படுக்கை. காலையில் எழுந்திருக்காமலே போகலாம்.

சட்டம் என்ன சொல்கிறது என்று மாமா கேட்டார். நீங்களும் கேட்பீர்கள். 2025 ஜூலை 29 அன்று, உணவையும் மருந்தையும் கண்காணிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிஏ, 7-ஓஎச்சைக் கட்டுப்படுத்தப்பட்ட பொருள்கள் பட்டியலில் சேர்க்கப் பரிந்துரைத்தது. இலை எங்கள் குறி இல்லை, இந்தக் கெட்டிச் சரக்குதான் குறி என்பதையும் வெளிப்படையாகச் சொன்னது. உணவிலோ சப்ளிமென்ட்டிலோ இதைச் சேர்ப்பது சட்டப்படி செல்லாது என்று நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதங்களும் அனுப்பியிருந்தது. ஃபுளோரிடா அடுத்த மாதமே அவசர விதி கொண்டுவந்து முதல் பட்டியலில், ஹெராயின் இருக்கிற வரிசையில், வைத்துவிட்டது. டெக்சஸில் 2023 செப்டம்பர் 1 முதல் ஒரு சட்டம் இருக்கிறது: க்ராட்டம் பொருளில் உள்ள ஆல்கலாய்டுகளில், அதாவது மிட்ராஜைனின் போன்ற செடிப் பொருள்களில், 7-ஓஎச் 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கிட்டத்தட்ட முழுக்க 7-ஓஎச்சாக இருக்கும் மாத்திரை அதற்குள் எப்படி அடங்கும்? சேல்ஸ்மேன் “ஐம்பது மாநிலத்திலும் லீகல்” என்று சொன்னால் அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் யோசியுங்கள். ரெய்டு வரும்போது கல்லாவில் நிற்பது பெரும்பாலும் முதலாளி இல்லை. மாணவராக வந்தவரோ, கிரீன் கார்டுக்குக் காத்திருக்கும் உறவுக்காரப் பையனோதான் நிற்பான். கட்டுப்படுத்தப்பட்ட பொருள் சம்பந்தமாக ஒரு வழக்கு பதிவானால் இந்த நாட்டில் விசாவிலிருந்து கிரீன் கார்டுவரை எல்லாமே ஆட்டம் காணும். ஒரு பாக்கெட் லாபத்துக்கு அவன் வாழ்க்கையை அடகு வைக்காதீர்கள்.

“நான் விற்காவிட்டால் எதிர்க்கடைக்காரன் விற்பான்” என்றார் மாமா. விற்பான்தான். ஆனால் மாமா கடைக்குக் காலை ஆறு மணிக்கு வரும் பெயின்டரை எனக்குத் தெரியும். பேன்ட்டெல்லாம் வெள்ளைப் பெயின்ட் தெறித்திருக்கும். காபி, ஒரு பாக்கெட், கசங்கிய இருபது டாலர் நோட்டு. போன வருடம் ஒரு பாக்கெட், இந்த வருடம் மூன்று. காபி வாங்குவதை நிறுத்திவிட்டார், காசு போதவில்லை. அவர் மகளுக்கு என்ன வயது என்பதுகூட மாமாவுக்குத் தெரியும். வாடிக்கையாளர் முகம் பார்த்து வியாபாரம் செய்கிறவர்கள் நாம். அந்த முகம் மாறுவதை முதலில் பார்ப்பதும் நாம்தான், எந்த டாக்டரும் பார்ப்பதற்கு முன்னால்.

நியாயமான ஒரு வாதமும் உண்டு, அதை ஒதுக்கிவிட்டுப் போக எனக்கு விருப்பமில்லை. வலி மாத்திரைக்கும் ஹெராயினுக்கும் அடிமையாக இருந்து, க்ராட்டம் இலையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தவர்கள் இந்த நாட்டில் இருக்கிறார்கள். 2016இல் போதைப் பொருள் தடுப்பு அமைப்பான டிஇஏ இலையையே தடை செய்யப் போனபோது அவர்கள் ஆயிரக்கணக்கில் எழுதினார்கள், டிஇஏ பின்வாங்கியது. அவர்கள் பேசியது இலையைப் பற்றி. அந்த நல்ல பெயரைத்தான் இந்த மாத்திரைக் கம்பெனிகள் இரவல் வாங்கிக்கொண்டிருக்கின்றன.

ஆகவே பாக்கெட்டை எடுக்கும்போது, அதை நம்பி நாள் ஓட்டுகிறவர்களை அப்படியே தெருவில் விட்டுவிடாதீர்கள். திடீரென்று கிடைக்காமல் போனால் சிலர் தெருவில் விற்கும் மாத்திரையைத் தேடிப் போவார்கள், அதில் ஃபென்டனில் என்ற மிக வீரியமான ஓப்பியாய்டு இருக்கலாம். நீங்கள் செய்ய முடிந்தது கொஞ்சம்தான், ஆனால் அது பெரிய கொஞ்சம். “இதை நிறுத்திவிட்டோம், இது ஓப்பியாய்டு வகை” என்று சொல்லுங்கள். “டாக்டரிடம் போய் 7-ஓஎச் என்று பெயரைச் சொல்லுங்கள், டெஸ்டில் தெரியாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும்” என்று சொல்லுங்கள். ஓப்பியாய்டு பழக்கத்திலிருந்து மீளக் கொடுக்கும் புப்ரெனார்ஃபின் என்ற மருந்து இருக்கிறது. என் தம்பி அதில்தான் எழுந்து நின்றான். இப்போது டோஸ் குறைத்துக்கொண்டே வருகிறார்கள், இடுப்புக்கு பிசியோதெரபி போகிறான், போன மாதம் முதல் முறையாக ராத்திரி முழுக்கத் தூங்கியதாக போன் செய்து சொன்னான்.

கல்லாவுக்குக் கீழே ஒரு நார்கன் ஸ்பிரே வையுங்கள், ஓப்பியாய்டால் மூச்சு அடங்குகிறவரை மீட்கும் மூக்கு மருந்து அது. 2023 முதல் டாக்டர் சீட்டு இல்லாமலே கிடைக்கிறது. அதிலுள்ள நலாக்சோன் 7-ஓஎச்சுக்கும் வேலை செய்யும். பார்க்கிங்கில் காருக்குள் யாராவது எழுப்பினால் எழுந்திருக்காமல், உதடு நீலம் பாரித்து, குறட்டைபோல் மூச்சு இழுத்துக்கொண்டிருந்தால் 911 அழைத்துவிட்டு மூக்கில் ஸ்பிரேயை அடியுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் மூச்சு சரியாகவில்லையென்றால் இன்னொன்று அடியுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை பக்கத்திலேயே இருங்கள். சந்தேகம் கேட்க விஷ முறிவு உதவி எண் 1-800-222-1222, இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள்.

அப்புறம் பெயர்களைக் கவனியுங்கள். 7-ஓஎச்சுக்கு நெருக்கடி வந்ததும் சூடோஇண்டாக்ஸில், எம்ஜிஎம்-15 என்று இதே குடும்பத்துப் புதுச் சரக்குகள் புது உறையில் வர ஆரம்பித்துவிட்டன. இதற்கு முன்னால் டியானெப்டின் என்ற இன்னொரு சரக்கு இப்படித்தான் வந்தது, கேஸ் ஸ்டேஷன் ஹெராயின் என்று நம் தொழிலின் பெயரையே அதற்கு வைத்தார்கள். பெயர் தெரியாத மாத்திரையைக் கொண்டுவந்து வைத்தால், உங்கள் பக்கத்து மருந்துக்கடைக்காரரிடம் உறையைக் காட்டிக் கேளுங்கள். எங்களுக்கு அது தொந்தரவே இல்லை.

மாமா போன வாரம் டிஸ்ட்ரிபியூட்டரைக் கூப்பிட்டு மிச்சமிருந்த நான்கு டப்பாக்களைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னார். பணம் திரும்பி வராது என்றார்கள். சரி, எடுத்துக்கொண்டு போ என்று சொல்லிவிட்டார். பெயின்டர் மறுநாள் காலை வந்து காலி இடத்தைப் பார்த்துக் கோபப்பட்டுத் திட்டியிருக்கிறார். மாமா ஒரு காபியை ஊற்றிக் கொடுத்து, நான் எழுதித் தந்திருந்த கிளினிக் எண் சீட்டையும் கையில் வைத்திருக்கிறார். சீட்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாராம். போன் செய்தாரா என்று தெரியவில்லை. நாளைக் காலை மாமா கேட்பதாகச் சொல்லியிருக்கிறார்.

அன்புடன்,
டெக்சஸிலிருந்து ஒரு மருந்தாளுநர்